பழைய டொயோட்டா மோட்டார்ஹோமுக்கு டிரெய்லர் லைட் வயரிங்: ரெண்டு டயோடும் ஒரு பாழாப்போன எர்த்தும்

போன ஜூன்ல சாக்ரமெண்டோல இருந்து இன்டர்ஸ்டேட் 80 புடிச்சு டாஹோ ஏரி பக்கம் ஏறிட்டு இருந்தோம், நான் என் 1987 டொயோட்டா மோட்டார்ஹோம்ல, அதுக்குப் பின்னாடி ரெண்டு கயாக்கும் சைக்கிளும் ஏத்துன சின்ன டிரெய்லர், அதுக்கும் பின்னாடி ஃப்ரெண்டு அவன் கார்ல. ஆபர்ன் தாண்டுனதும் போன் பண்ணான். "டேய் நீ லெஃப்ட் போறியா ரைட் போறியா, இல்ல அப்படியே மேல பறக்கப் போறியா, பின்னாடி கோயில் கொடைக்குப் போட்ட சீரியல் செட் மாதிரி எல்லாமே மினுக்குது"ன்னான். ரைட் போட்டுக் காமிச்சேன், அது ஒழுங்கா இருக்காம். லெஃப்ட் போட்டா மட்டும் ரெண்டு பக்கமும், வண்டியோட பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குது. பிரேக்க மிதிச்சுக்கிட்டே இண்டிகேட்டர் போட்டா டிரெய்லர்ல மினுக்கவே இல்ல, சும்மா எரிஞ்சுக்கிட்டே நிக்குது.

அன்னிக்கு வேற வழியில்லாம மெதுவா, ரைட் லேன விட்டு அசையாம போய்ச் சேர்ந்தோம். கலிஃபோர்னியால டிரெய்லர் இழுத்தா எப்படியும் 55 மைல் தான் லிமிட், அதுவும் 22ஆர்இ இன்ஜின், 2.4 லிட்டர், 116 குதிரை சக்தி, போற வழில டானர் சம்மிட்ங்கிற மலை உச்சி 7,200 அடிக்கு மேல, அங்க 55 எல்லாம் கனவு, லாரிங்க கூட என்னை ஓவர்டேக் பண்ணும். வண்டியப் பத்தி தெரியாதவங்களுக்கு: டொயோட்டா பிக்கப்போட கேபினும் ஃப்ரேமும் எடுத்து, பின்னாடி ரெட்டைச் சக்கரம் வெச்சு, அதுமேல ஃபைபர்கிளாஸும் மரச்சட்டமும் சேர்ந்த ஒரு குட்டி வீட்ட கட்டி 80கள்லயும் 90களோட ஆரம்பத்துலயும் அமெரிக்கால வித்தாங்க. என்னோடது 21 அடி. எனக்கு முன்னாடி குறைஞ்சது நாலு ஓனர், ஒவ்வொருத்தரும் ஒரு கலர் டேப்ப சுத்திட்டுப் போயிருக்காங்க.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் எதையும் தொடல, யோசிச்சேன். ஏன்னா இந்த அறிகுறி ஒரு சைடுக்கு மட்டும் வருது பாருங்க, அது தான் எனக்கு உறுத்துச்சு. எர்த் இல்லேன்னா ரெண்டு பக்கமும் கிறுக்குத்தனம் பண்ணும். லெஃப்ட் மட்டும் எல்லாத்தையும் இழுக்குது, ரைட் ஒழுங்கா இருக்குன்னா எங்கயோ ஒரு வழிப்பாதை ஒண்ணு ரெண்டு வழியா ஆயிருக்கு.

கோவில்பட்டில என் மாமா முப்பது வருஷமா லாரி வயரிங் பாக்குறவர். வீடியோ கால்ல டிரெய்லரோட நாலு பின் பிளக்கைக் காமிச்சேன். "ஏல மாப்ள, அஞ்சாவது வயர் எங்க?"ன்னார். மாமா இங்க நாலு தான்னேன். "அப்ப பிரேக்குக்கு எது?" இண்டிகேட்டர் வயரே தான் மாமா பிரேக்குக்கும்னு சொன்னேன், ஒரு நிமிஷம் பேச்சே வரல. "ஒரே பல்பா? வெளங்குனாப்ல தான்"ன்னு சிரிச்சார். அவர் சிரிச்சது நியாயம் தான். நம்ம ஊர்ல பிரேக் சிவப்புல தனி, இண்டிகேட்டர் மஞ்சள்ல தனி. இங்க சின்ன டிரெய்லர்ல எல்லாம் ஒரே சிவப்பு பல்பு, ஒரே ஃபிலமெண்ட், அதுவே பிரேக் மிதிச்சா நின்னு எரியணும், இண்டிகேட்டர் போட்டா மினுக்கணும். நாலு வயர்ல வெள்ளை எர்த், பிரவுன் டெயில் லைட், மஞ்சள் இடது பக்கத்து பிரேக்கும் இண்டிகேட்டரும், பச்சை வலது பக்கத்துக்கு அதே. அவ்வளவு தான் மொத்த டிரெய்லரும்.

பிரச்சினை என்னன்னா என் மோட்டார்ஹோம் ஜப்பான் புத்தி. பின்னாடி சிவப்பு, ஆம்பர், வெள்ளைன்னு மூணு தனி விளக்கு, பிரேக் தனி வயர், ரெண்டு இண்டிகேட்டரும் தனித்தனி வயர். இந்த மூணு வயர ரெண்டு வயரா மாத்தி டிரெய்லருக்குக் குடுக்கணும். அதுக்குன்னு ஒரு சின்ன டப்பா விக்குது, கன்வெர்ட்டர்னு சொல்வாங்க. (மோட்டார்ஹோம்ல கன்வெர்ட்டர்னா 120 வோல்ட்ட 12 ஆக்குற பெட்டிக்கும் அதே பேர், கடைல கேக்கும்போது டிரெய்லர் லைட் கன்வெர்ட்டர்னு முழுசா கேளுங்க, நான் ஒரு தடவை தப்பான அலமாரி முன்னாடி பத்து நிமிஷம் நின்னேன்.)

என் வண்டில அந்த டப்பா இல்ல. ஆனா டிரெய்லர் லைட் எரியுது. அப்ப முன்னாடி ஓனர் என்ன தான் பண்ணாருன்னு பாக்க சனிக்கிழமை காலைல அட்டைய விரிச்சு வண்டிக்கு அடியில போனேன்.

போறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டேன், வீட்டு பேட்டரியோட (வண்டிக்குள்ள இருக்குற ஃபேன் மாதிரி சாமானுக்கான தனி பேட்டரி) நெகட்டிவையும். அதோட கரண்ட் கேபிளயும் சுவத்துல இருந்து புடுங்கிட்டேன். இத சாதாரணமா எடுத்துக்காதீங்க, மோட்டார்ஹோம்ல பின் விளக்குக்குப் பின்னாடி இருக்குற அதே சந்துல 120 வோல்ட் வயரும் போகும், இந்த ஊர் வீட்டு வயரிங்ல கருப்பு தான் லைவ். கார்ல கருப்புன்னா எர்த்துன்னு பழகின கை அங்க போய் கருப்ப புடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அடியில பாத்தது ஒரு கண்காட்சி. நீலக் கலர் கடிக்கிற கிளிப் இருக்கே, வயர வெட்டாம நடுவுல கடிச்சு இன்னொரு வயர எடுக்குறது, அது ஏழு. அதுல நாலுக்குள்ள பச்சையா களிம்பு. ஸ்பீக்கர் வயர் ஒரு துண்டு. வீட்டு சுவிட்ச்போர்டுல போடுற திருகு மூடி ரெண்டு. எல்லாத்துக்கும் நடுவுல பம்பர் பக்கத்துல முட்டை சைஸ்ல ஒரு டேப் உருண்டை. அத கத்தியால உரிச்சேன், வெங்காயம் மாதிரி வந்துக்கிட்டே இருந்துச்சு, உள்ள ரெண்டு டயோடு, கரண்ட்ட ஒரு பக்கம் மட்டும் விடுற சாமான். கருப்பு உருளை, ஒரு ஓரத்துல வெள்ளிக் கோடு, சால்டர் பண்ணி வெச்சிருக்காரு. அட, ஆளு யோசிச்சிருக்காருயா.

அவர் யோசிச்சது இது தான். இண்டிகேட்டர் வயர் ரெண்டையும் நேரா டிரெய்லரோட மஞ்சளுக்கும் பச்சைக்கும் குடுத்துட்டார். பிரேக் வயர ரெண்டா பிரிச்சு ஒவ்வொரு டயோடு வழியா அதே மஞ்சளுக்கும் பச்சைக்கும் சேத்துட்டார். பிரேக் மிதிச்சா ரெண்டு பக்கமும் எரியும், லெஃப்ட் போட்டா டயோடு தடுக்கிறதால பிரேக் பக்கம் திரும்பிப் போகாது, மஞ்சள் மட்டும் மினுக்கும். பேப்பர்ல பாத்தா சூப்பர். ரெண்டு ஓட்டை. ஒண்ணு, பிரேக் மிதிச்சா கரண்ட் டயோடு தாண்டி இண்டிகேட்டர் வயருக்கு வந்துருது இல்லையா, அங்க இருந்து வண்டியோட சொந்த ஆம்பர் விளக்குக்கும் போயிரும், அதாவது நான் பிரேக் போடும்போதெல்லாம் என் ஆம்பரும் முன்பக்க இண்டிகேட்டரும் எரிஞ்சிருக்கு, ரெண்டு வருஷமா எனக்குத் தெரியவே இல்ல. இதுக்கு நாலு டயோடு போட்டா தப்பிச்சுக்கலாம். ஆனா ரெண்டாவது ஓட்டைய எத்தனை டயோடு போட்டும் அடைக்க முடியாது: பிரேக் கால்ல இருக்கும்போது மஞ்சள் வயர்ல 12 வோல்ட் நிரந்தரமா நிக்குது, அது மேல இண்டிகேட்டர் வந்து போனா என்ன, வராட்டி என்ன, பல்பு எரிஞ்சுக்கிட்டே தான் இருக்கும். மினுக்கணும்னா பிரேக்க அந்தப் பக்கம் மட்டும் கட் பண்ணணும். டயோடு கட் பண்ணாது, தடுக்க மட்டும் தான் செய்யும். அந்த முடிவ எடுக்கத் தான் கன்வெர்ட்டருக்குள்ள ஒரு சர்க்யூட் இருக்கு, இண்டிகேட்டர் வந்தா அந்தப் பக்கத்துக்கு பிரேக்க மறந்துரும்.

மல்டிமீட்டர டயோடு மோட்ல வெச்சு பாத்தேன். வலது டயோடு ஒரு பக்கம் 0.5, திருப்பினா ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு. இடது டயோடு ரெண்டு பக்கமும் சைபர், ஷார்ட்டாகி வெறும் கம்பியா ஆயிருச்சு. அவ்வளவு தான் மர்மம். லெஃப்ட் இண்டிகேட்டர் கரண்ட் செத்த டயோடு வழியா பிரேக் லைனுக்கு ஏறி, அங்க இருந்து நல்ல டயோடு வழியா வலது பக்கமும் இறங்கியிருக்கு. ரைட் போட்டா நல்ல டயோடு தடுத்துருச்சு. இத மாமாவுக்கு பேப்பர்ல வரைஞ்சு அனுப்பினேன், "அப்ப கெட்டது தான்ல வேலைய காட்டிக் குடுத்திருக்கு"ன்னு பதில் வந்துச்சு.

சரி, எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிட்டு புதுசா போடலாம்னு முடிவு பண்ணேன். முதல்ல எந்த வயர் எதுன்னு தெரியணும். டொயோட்டா பக்கத்து வயருக்கு ஒரு ஒழுங்கு உண்டு, என் வண்டில பச்சைல வெள்ளைக் கோடு பிரேக், பச்சைல கருப்புக் கோடு இடது, பச்சைல மஞ்சள் கோடு வலது, வெள்ளைல கருப்புக் கோடு எர்த். ஆனா அது ஃப்ரேம் பாதி வரைக்கும் தான். அதுக்கப்புறம் வீட்ட கட்டுனவங்க அவங்க வயர ஜாயிண்ட் போட்டு பின்னாடி கொண்டு போயிருக்காங்க, அங்க கலரும் வேற. அதனால கலர நம்பாதீங்க, ஒவ்வொண்ணா ஆன் பண்ணி செக் பண்ணுங்க. இதுக்கு பேட்டரிய திருப்பி மாட்டணும். பிரேக் லைட்டும் ஹஸார்டும் சாவி இல்லாமலே வேலை செய்யும், இண்டிகேட்டருக்கு சாவி ஆன்ல இருக்கணும். பிரேக் மிதிக்க பொண்ண உக்கார வெச்சேன், பத்து நிமிஷம் "அப்பா போதுமா, அப்பா போதுமா"ன்னு, அப்புறம் அவ போனோட உள்ள போயிட்டா, நான் தொடப்பக்கட்டைய சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல முட்டுக் குடுத்துக்கிட்டேன். தொடப்பம் முணங்காது.

இங்க தான் முக்கியமான விஷயம். மீட்டர மட்டும் வெச்சு பாத்தா எல்லா வயரும் 12.4 வோல்ட் காமிச்சுச்சு. ஆஹா எல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு பழைய 1157 நம்பர் பின்விளக்கு பல்ப சாக்கெட்டோட எடுத்து, வயர் ரெண்டு நீட்டி, அத லோடா மாட்டிட்டு மீட்டர் வெச்சேன். இடது இண்டிகேட்டர் 11.9, பரவால்ல. பிரேக் 6.8. ஆறு புள்ளி எட்டு! மீட்டர் கரண்ட்டே இழுக்காது, அதனால ஒத்த மயிரிழை செம்பு ஒட்டிட்டு இருந்தா கூட முழு வோல்ட் காமிக்கும். பல்பு 2 ஆம்ப் இழுக்கும், அப்ப தான் களிம்பு புடிச்ச ஜாயிண்ட் தன் யோக்கியதைய காட்டும். மீட்டருக்கு குடுக்குற காச விட இந்த ஓசி பல்பு சாக்கெட் எனக்கு அதிகமா வேலை செஞ்சுச்சு. எல்இடி வெச்சு செக் பண்ணாதீங்க, அதுவும் மீட்டர் மாதிரி தான், கொஞ்சூண்டு கரண்ட்ல பளிச்சுன்னு எரிஞ்சு ஏமாத்தும்.

அந்த 6.8ல எவ்வளவு போற வழில தொலையுது, எவ்வளவு எர்த்துல தொலையுதுன்னு பிரிச்சு பாக்கணும். மீட்டரோட ஒரு முனைய நீள வயர் போட்டு பேட்டரி நெகட்டிவ்ல நேரா வெச்சேன், இன்னொரு முனைய பின் விளக்கோட எர்த்துல வெச்சு பிரேக்க ஆன் பண்ணேன். சைபர் கிட்ட இருக்கணும், 0.1க்குள்ள இருந்தா நல்லது. எனக்கு 2.3. மிச்ச மூணு சொச்சம் அந்த நீலக் கிளிப்புங்கள்ல.

ஃபைபர்கிளாஸ் பாடி இல்லையா, கார் மாதிரி விளக்க ஸ்க்ரூ பண்ணா எர்த் கிடைச்சிராது. (இதையும் மாமா நம்பல. "பாடில எர்த் எடுக்க முடியாதா, அப்ப அது வண்டியா தண்ணித்தொட்டியா"ன்னார்.) ஒவ்வொரு விளக்குல இருந்தும் வெள்ளை வயர் ஒண்ணு கிளம்பி, எல்லாம் ஒண்ணு சேந்து, ஃப்ரேம்ல ஒரே ஒரு போல்ட்டுல போய் முடியுது. அந்தப் போல்ட்ட தேடிப் புடிக்க அரை நாள் ஆச்சு, பின் சக்கரத்துக்கு நேர் மேல, சேறும் தண்ணியும் அடிக்கிற எடத்துலயே. துருல போல்ட் தலையே அடையாளம் தெரியல, ஸ்பானர் வெச்சதும் அப்படியே கையோட ஒடிஞ்சு வந்துச்சு. நல்லது தான்னு விட்டுட்டேன். சக்கரத்துல இருந்து தள்ளி, ஃப்ரேமோட உள்பக்கம் புது ஓட்டை போட்டு, சுத்தி ஒரு ரூபா நாணயம் அளவுக்கு பெயிண்ட்ட சொரண்டி வெள்ளி இரும்பு தெரியுற வரைக்கும் உரசி, பல்லு வாஷர் வெச்சு போல்ட் போட்டு, மேல கிரீஸ் தடவி பெயிண்ட் அடிச்சேன். அதுல இருந்து ஒரு பித்தளை எர்த் பட்டைக்கு 10 கேஜ் வயர் (கேஜ் நம்பர் குறைய குறைய வயர் தடிமன்), பட்டைல எல்லா விளக்கோட எர்த்தும் தனித்தனியா. திரும்ப அளந்தேன், 0.06. அன்னிக்கு சாயங்காலம் நான் வேற எதுவுமே பண்ணல, டீ போட்டுக்கிட்டு பின்னாடி நின்னு பிரேக் லைட்ட மட்டும் பாத்துட்டு இருந்தேன், முப்பத்தஞ்சு வருஷத்து விளக்கு அவ்வளவு பிரகாசமா எரிஞ்சத நான் பாத்ததே இல்ல.

ரெண்டாவது வாரம் கன்வெர்ட்டர். ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு வண்டி வயர்ல இருந்தே கரண்ட்ட எடுத்து டிரெய்லருக்குக் குடுக்கும், விலை கம்மி. இன்னொண்ணு பேட்டரில இருந்து தனியா ஒரு லைன் எடுத்துக்கும், வண்டி வயர்ல இருந்து சிக்னல மட்டும் படிச்சுக்கும். பழைய வண்டிக்கு கண்ண மூடிட்டு ரெண்டாவத வாங்குங்க, இருபது முப்பது டாலர் கூட ஆகும், ஆகட்டும். ஏன்னா இந்த மாதிரி மோட்டார்ஹோம்ல டெயில் சர்க்யூட் ஏற்கனவே முழி பிதுங்கி கிடக்கு. முன்னாடி மேல அஞ்சு மஞ்சள், பின்னாடி மேல அஞ்சு சிவப்புன்னு அகலமான வண்டிக்கான மார்க்கர் விளக்கு, ஒவ்வொண்ணும் 194 பல்பு, ஒண்ணுக்கு 0.27 ஆம்ப், பத்து போட்டா 2.7. டெயில், பார்க்கிங், நம்பர் பிளேட், டேஷ்போர்டு வெளிச்சம் எல்லாம் சேத்து ஒரே 15 ஆம்ப் ஃபியூஸ். அந்தக் காலத்து ஹெட்லைட் சுவிட்சு வழியா இன்னும் ரெண்டு ஆம்ப் இழுக்கணுமா? வேண்டாம்.

பேட்டரி லைனுக்கு எனக்கு ஒரு சபலம் வந்துச்சு. வீட்டு பேட்டரி சாப்பாட்டு மேஜை சீட்டுக்கு அடியில, பின் பம்பர்ல இருந்து பாதி தூரம் தான், முன்னாடி இன்ஜின் பேட்டரி வரைக்கும் 25 அடி ஃப்ரேம் ஓரமா இழுக்கணும். நெகட்டிவ் ரெண்டுக்கும் பொது தான், வேலை செய்யும். ஆனா குளிர்காலத்துல நான் வீட்டு பேட்டரிய கழட்டி உள்ள வெச்சிருவேன், கேம்ப்ல ராத்திரி ஃபேன் ஓட்டி காலி பண்ணியும் விட்டிருக்கேன், அப்ப காலைல கிளம்பும்போது டிரெய்லருக்கு பிரேக் லைட் இல்லாம போயிரும். சோம்பல் பாக்காம முன்னாடி இருந்தே இழுத்தேன். 12 கேஜ் வயர், பேட்டரில இருந்து ஏழு இன்ச்சுக்குள்ள ஃபியூஸ் ஹோல்டர், டப்பால சொன்ன மாதிரி 15 ஆம்ப். ஃபியூஸ் பேட்டரி பக்கத்துல தான் இருக்கணும், டப்பா பக்கத்துல வெச்சா நடுவுல 25 அடி வயர் எங்கயாச்சும் உரசி ஷார்ட் ஆனா காப்பாத்த ஆளில்ல. கேஜ் விஷயத்துல கணக்கு போட்டு தான் பாத்தேன்: டிரெய்லர் முழுசா எரிஞ்சா 6 ஆம்ப் வரும், 25 அடிக்கு 16 கேஜ்ல 0.6 வோல்ட் போயிரும், 12 கேஜ்ல கால் வோல்ட் தான். வயர் வெல வித்தியாசம் ஒரு பர்கர் காசு.

டப்பாவ வெளிய பம்பருக்கு அடியில ஒட்டுறவங்க இருக்காங்க, நான் உள்ள, பின் அலமாரிக்குள்ள இடது விளக்குக்குப் பின்னாடி வெச்சேன், அங்க மழை வராது, கை போகும். டப்பால இருந்து வர்ற வயர்ல சிவப்ப பிரேக்குக்கு, பிரவுன டெயிலுக்கு, மஞ்சள இடதுக்கு, பச்சைய வலதுக்கு, வெள்ளைய புது எர்த் பட்டைக்கு, கருப்ப பேட்டரி லைனுக்கு. இங்கயும் கருப்பு தான் பாசிட்டிவ், ஏன்டா இப்படி பண்றீங்கன்னு கேக்க ஆளில்ல.

ஜாயிண்டுக்கு நீலக் கிளிப் ஒண்ணு கூட இல்ல. உள்ள பசை வெச்ச சுருங்குற ஸ்லீவ் வர்ற கிரிம்ப் கனெக்டர், ராட்செட் பிளையர்ல அமுக்கி ஹீட் கன்னால சுட வெச்சா ரெண்டு ஓரத்துலயும் பசை கொஞ்சமா எட்டிப் பாக்கும், அப்ப தான் அடைஞ்சிருக்குன்னு அர்த்தம். சால்டர் தான் பெஸ்ட்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு: வீட்டுக்குள்ள ரேடியோக்கு ஓகே, அதிர்ற வண்டில சால்டர் முடியுற எடத்துல வயர் விறைப்பாகி அங்கயே மடிஞ்சு மடிஞ்சு அறும். முன்னாடி ஓனரோட உருண்டைலயே ஒரு வயர் அப்படித் தான் பாதி அறுந்திருந்துச்சு. ஒவ்வொரு ஜாயிண்டயும் இழுத்துப் பாருங்க, நல்லாவே இழுங்க, ஒண்ணு எனக்கு கையோட வந்துச்சு.

டிரெய்லர மாட்டாம, நாலு பின் பிளக்ல அதே 1157 பல்ப வெச்சு ஒவ்வொண்ணா பாத்தேன், எல்லாம் கச்சிதம். பிரேக் மிதிச்சுட்டு லெஃப்ட் போட்டா மஞ்சள் மினுக்குது, பச்சை நிக்குது. தொடப்பத்துக்கு ஒரு முத்தம். அப்புறம் டிரெய்லர மாட்டுனேன், டெயில் ஆன் பண்ணி ரைட் இண்டிகேட்டர் போட்டா டிரெய்லரோட வலது விளக்கு மங்கலா ஒரு மாதிரி கண்ணடிக்குது, டெயில் வெளிச்சமும் கூடவே ஏறி இறங்குது.

இப்ப எனக்குப் பழகிருச்சு, இது எர்த். வண்டி பக்கம் சுத்தம்னு தெரியும், அப்ப டிரெய்லர். அதுலயும் 1157 பல்பு தான், உள்ள ரெண்டு ஃபிலமெண்ட், டெயிலுக்கு ஒண்ணு, பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் சேத்து ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரே எர்த். அது அத்துப்போனா கரண்ட் ஒரு ஃபிலமெண்ட்ல நுழைஞ்சு இன்னொண்ணு வழியா தலைகீழா வெளிய வந்து வேற லைன்ல போய் எர்த் தேடும். என் டிரெய்லர் 4க்கு 8 அடி மடிக்கிற டைப், நடுவுல கீல். வெள்ளை வயர முன்னாடி முக்கோணச் சட்டத்துல ஸ்க்ரூ பண்ணி விட்டிருக்காங்க, பின்பாதி விளக்குக்கெல்லாம் எர்த் அந்தக் கீல் போல்ட் வழியா தான் வரணும், அது பெயிண்ட்டும் துருவும். மணிக்கணக்கா உரச வேண்டாம்னு வெள்ளை வயர் ஒண்ண முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் இழுத்து ரெண்டு விளக்கோட ஸ்டட்லயும் நேரா மாட்டிட்டேன், கீல் கிட்ட மடிக்கிறதுக்கு ஒரு வளையம் விட்டு. டிரெய்லர வண்டில மாட்டுற கொக்கி பந்து வழியா எர்த் வந்துரும்னு நம்பி இருக்குறவங்க நிறைய பேர், பந்துல கிரீஸ் தடவுற அன்னிக்கு அதுவும் போச்சு.

அந்த வேலைல தான் இன்னொண்ணு பாத்தேன், இடது வலது விளக்க மாத்தி மாட்டியிருக்கேன். ரெண்டும் ஒரே மாதிரி தான் இருக்கும், ஆனா இடது விளக்குக்கு மட்டும் அடியில வெள்ளை ஜன்னல் இருக்கும், நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் விழுறதுக்கு. ரெண்டு வருஷமா என் விளக்கு பிளேட்டே இல்லாத பக்கம் ரோட்டுக்கு வெளிச்சம் காட்டிட்டு இருந்திருக்கு. டிரெய்லர அசெம்பிள் பண்ணது நான் தான், முன்னாடி ஓனர் மேல பழி போட வழியில்ல.

முடிஞ்சுதுன்னு நெனச்சு ஞாயிறு சாயங்காலம் ஒரு ரவுண்டு போனேன். இருட்ட ஆரம்பிச்சு லைட் போட்டு ரெண்டாவது சிக்னல்ல டேஷ்போர்டு மொத்தமும் அணைஞ்சிருச்சு. டெயில் ஃபியூஸ் போச்சு. மாத்துனேன், ரெண்டு நிமிஷம் தாங்குச்சு, பள்ளத்துல இறங்குனதும் மறுபடி. மூணாவது ஃபியூஸ் வீட்டு வாசல்ல. டிரெய்லர் லோடு இப்ப அந்த ஃபியூஸ்ல இல்லவே இல்ல, அப்ப எங்க இடிக்குது? பள்ளத்துல போகுதுன்னா எதோ அசையுது. மண்டையில டார்ச்ச கட்டிட்டு அடியில போய் ஒவ்வொரு கிளாம்ப்பா புடிச்சு ஆட்டிப் பாத்தேன். கடைசி கிளாம்ப்புக்கு சாயங்காலம் அவசரத்துல நான் அடிச்ச தானா துளை போடுற ஸ்க்ரூ, நுனி அந்தப் பக்கம் வெளிய வந்து டெயில் வயரோட தோல கிழிச்சிருக்கு. ஸ்க்ரூ ஃப்ரேம்ல, வயர் ஸ்க்ரூல, நேரா எர்த். கிழிஞ்ச எடத்த வெட்டி ஒட்டிட்டு, அந்த ஸ்க்ரூ எல்லாத்தையும் புடுங்கிட்டு ரப்பர் போட்ட கிளாம்ப், போல்ட் நட்டு. ஃப்ரேம் ஓட்டைல வயர் நுழையுற எடத்துல ரப்பர் வளையம், மேல வரிக்குழாய்.

பேட்டரில இருந்து தனி லைன் எடுத்ததுல ஒரு குறை உண்டு. டொயோட்டாவோட ஃப்ளாஷர் தன் பல்பு ஒண்ணு போச்சுன்னா வேகமா துடிச்சு காட்டிக் குடுக்கும், டிரெய்லர் பல்பு போனா இப்ப அதுக்குத் தெரியாது, டப்பா நடுவுல நிக்குது. அதனால கிளம்புற முன்னாடி இறங்கி நடந்து போய்ப் பாக்கணும், ஒவ்வொரு பெட்ரோல் நிறுத்தத்துலயும் பாக்குறேன். மார்க்கர் பத்தையும் எல்இடியா மாத்திட்டேன், மேல ஏணி போட்டு மாத்தும்போது பாதி லென்ஸ் கைல நொறுங்குச்சு, கேஸ்கெட்டுக்குப் பதிலா தண்ணி புகாம அடைக்கிற பியூட்டைல் டேப் வெச்சேன், இந்த வண்டிங்கள்ல முன் மேல்படுக்கைக்குள்ள தண்ணி இறங்குறது பெரும்பாலும் அந்த மார்க்கர் ஓட்டை வழியா தான், இது தனிக் கதை.

மொத்தம் 118 டாலர், ரெண்டரை வார இறுதி, மூணு ஃபியூஸ். ஆகஸ்ட்ல லாசன் எரிமலைப் பூங்கா போனோம், அதே ஃப்ரெண்டு பின்னாடி. ரெட் பிளஃப் தாண்டி போன் வந்துச்சு, எடுத்த உடனே பயந்துட்டேன். "லைட்டெல்லாம் ஓகேடா, ஆனா ஒரு கயாக்கோட கயிறு பறக்குது"ன்னான்.